முழங்கை

கடல் வந்து போய் நாற்பதாம் நாள்
பிரதேச செயலகத்தில் படிவம் கொடுத்தார்கள்.
இழந்த தொழில் உபகரணங்கள் என்றொரு நிரல்.
முன்னால் நின்றவர் தோணி, வலை, எஞ்சின் என்று
மூன்றே சொல்லில் முடித்துக்கொண்டு போனார்.
நாங்கள் நாலுபேர் ஒரே பேனையைக் கைமாற்றி எழுதினோம்:
பேஸ் கிட்டார் ஒன்று. ஒக்டபாட் ஒன்று.
ஸ்பீக்கர் பெட்டி நான்கு, அதில் ஒன்று அழும்.
"அழும்" என்பதை வெட்டிவிட்டேன்.
கீபோட் என்று எவரும் எழுதவில்லை.
அது இருந்த அறையில்தான் புவிதரனும் இருந்தான்.

கிருபைராணிக்கு எழுத ஒன்றுமில்லை.
அவளுடைய உபகரணம் பழுதில்லாமல் கழுத்துக்குள் கிடந்தது.
மைக் போனதுதான், ஆனால் அது
றிஸ்வியின் மச்சானுடையது.

உத்தியோகத்தர் நல்ல மனுசன்.
"பாட்டுக் கோஷ்டியெண்டால் தொழிலா, பொழுதுபோக்கா?"
என்பதைக்கூடக் கதிரையைக் காட்டிவிட்டுத்தான் கேட்டார்.
ஆதாரம் இருந்தால் கொண்டுவாங்க.

பதினேழு வருசம்.
தாந்தாமலையிலிருந்து திருக்கோவில்வரை
திருவிழா, கலியாணம், சாமத்தியச் சடங்கு,
ஒருமுறை காத்தான்குடியில் கடைதிறப்புக்கு
பாட்டில்லாமல் வெறும் இசை.
எங்கள் பெயரில் ஒரு கசெட் இல்லை.
பாடியதெல்லாம் வேறு ஆட்கள் பாடியது.
அச்சொட்டாய் அவளைப் போலவே என்று
கைதட்டிய ஊர்கள்
எங்களைப் போல என்று எதையும் வைத்திருக்கவில்லை.

அந்திராடோ டச்பாரில் பகலில் தச்சன், இரவில் வயலின்.
அவனுக்கு உளியும் வாளும் கிடைக்கும் என்றார்கள்.
வயலினை அவன் எழுதவேயில்லை.
அவன்தான் சொன்னான்:
"கலியாண வீடியோ இருக்குமே."

கரைப்பக்கத்து வீடியோக்கள்
கரைப்பக்கத்து வீடுகளோடு போய்விட்டன.
குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போனோம்.
தொண்ணூற்றெட்டில் விடியவிடிய நாங்கள் வாசித்த வீடு.
அன்றைய பொம்பிளை இன்று மூன்று பிள்ளைக்குத் தாய்.
தேத்தண்ணி தந்து, டெக்கைத் துடைத்து, கசெட்டைப் போட்டாள்.

தாலி. அறுகரிசி.
பந்தி, பந்தியில் ஒவ்வொரு வாயும்.
நகைகள், மிக அருகில்.
கமரா மேடைப்பக்கம் திரும்பிய நேரமெல்லாம்
ஒரு குழந்தை குறுக்கே ஓடியது,
இல்லாவிட்டால் வாழைமரம்.
ஒரு மணி நாற்பதாவது நிமிசத்தில்
பச்சைச் சேலை, ஒரு முழங்கை,
மைக் வயரைச் சுற்றிப் பிடித்த இரண்டு விரல்.
"நிப்பாட்டுங்க" என்றாள் கிருபைராணி.
படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

சத்தமா?
சத்தத்தை வீடியோக்காரன் அழித்துவிட்டு
அதே பாட்டின் அசலைப் போட்டிருந்தான்.
இவளுடைய முழங்கை அசைய அசல்காரி பாடினாள்.
முதலில் சிரித்தது றிஸ்வி.
பிறகு எல்லோரும், கண்ணில் தண்ணீர் வர.
"எனக்குத் தெரியாதே அக்கா" என்றாள் வீட்டுக்காரி,
"உங்கட குரலெண்டுதான் இவ்வளவு நாளும்
போட்டுப் போட்டுக் கேட்டன்."

பாட்டு ஓடி இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வந்தது.
அந்த இடத்தில் புவிதரன் ஒரு பிழை விடுவான்,
எந்த மேடையிலும், அதே கட்டையில்.
திட்டிப் பார்த்திருக்கிறோம், தேறவில்லை.
அசலில் பிழை இல்லை.
நாங்கள் நாலுபேரும் அதற்காகக் காத்திருந்தது
அது வராமல் போனபோதுதான் தெரிந்தது.

முழங்கையைப் படிவத்தோடு இணைக்க வழியில்லை.
கிருபைராணிக்குத் தையல் மெசின் வந்தது.
மீனைக் கறியில் மட்டுமே கண்ட
எனக்கும் றிஸ்விக்கும் ஆளுக்கொரு வலை.
வலைகளை நாவலடியில் விற்றோம்.
அந்தக் காசில் பழைய யமஹா, இரண்டு கட்டை வேலை செய்யாது.
வாசிக்க அந்திராடோவின் மச்சாள்,
ஞாயிறுகளில் கோயிலில் வாசிக்கிறவள்.
தையல் மெசினை அவள் விற்கவில்லை.
ஏன் என்று நாங்கள் கேட்கவுமில்லை.

வைகாசியில் ஆரையம்பதியில் ஒரு கலியாணம்.
இரவல் ஒக்டபாட்டில் றிஸ்வி
எண்ணத் தொடங்கிவிட்டான், ஒன்று, இரண்டு.
அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.
பந்திப்பக்கம் போய்க்கொண்டிருந்த கமராக்காரப் பொடியனை
மைக்கிலேயே கூப்பிட்டாள், சபை முழுக்கக் கேட்க:
"மனே, சோறு எங்கயும் போகாது.
இஞ்சால வந்து முகத்தைப் பிடி.
சத்தத்தில கை வைக்காத."